அம்பு பட்ட மானைத் தேடி எப்போது இறங்குவது? வெக்கையான மாலையும் வயிற்றில் பட்ட அடியும்

பரண்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வில் சீசனின் தொடக்க வாரங்களைப் பற்றிய கேள்வி இது. பகலில் 24 டிகிரி, நள்ளிரவிலும் 14 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள். வெள்ளைவால் மான், காம்பவுண்ட் வில் (கப்பி வைத்தது), 60 பவுண்டு இழுவை, 100 கிரெய்ன் எடையில் ஃபிக்ஸட் பிளேடு முனை (மடங்காத நிலையான அலகு கொண்டது), பரண் 6 மீட்டர் உயரம்.

அம்பு விட்டதும் அரை மணி நேரம் பரணில் அசையாமல் இரு என்பது எல்லோரும் சொல்லும் விதி. வயிற்றில் பட்டால் 8 முதல் 12 மணி நேரம் விட்டுவிடு என்பதும் அவர்களே சொல்வதுதான். மாலை 6 மணிக்கு விட்ட அம்புக்கு மறுநாள் காலை 6 மணிக்குப் போனால், இந்த வெக்கையில் கறி என்ன கதியில் இருக்கும்? சீக்கிரம் போனால் மானைக் கிளப்பி ஓடவிடுவோம், தாமதித்தால் கறி போகும். கோட்டை எங்கே போடுவது?

இன்னும் இரண்டு சந்தேகம். எந்த உறுப்பில் பட்டது என்று அம்பையும் ரத்தத்தையும் பார்த்து எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? உயரப் பரணிலிருந்து விட்டால் முதல் நாற்பது ஐம்பது மீட்டருக்கு ரத்தமே விழாது என்கிறார்களே, அப்போது தடத்தை எப்படிப் பிடிப்பது?


தடம்பார்ப்பவன்:

கேள்வியிலேயே ஒரு கணக்கு இடிக்கிறது, அதை முதலில் எடுத்துவிடுவோம். கறி கெட ஆரம்பிப்பது அம்பு பட்ட நிமிடத்திலிருந்து அல்ல, மான் செத்த நிமிடத்திலிருந்து. இரைப்பையிலோ குடலிலோ பட்ட மான் பல மணி நேரம் உயிரோடு படுத்திருக்கும். மாலை 6 மணிக்குப் பட்டது இரவு 2 மணிக்குச் செத்தால், காலை 6 மணிக்கு நீங்கள் போய்ச் சேரும்போது கறிக்கு வயது 4 மணி நேரம். 12 அல்ல. உயிரோடு இருக்கும் உடம்பு அழுகுவதில்லை. ஆகவே "வெக்கை, அதனால் சீக்கிரம் போ" என்பது பாதி உண்மைதான். உயிரோடு படுத்திருப்பதைக் கிளப்பிவிட்டால் கறியும் இல்லை, மானும் இல்லை, அது இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் யார் கண்ணிலும் படாமல் சாகும். இதைவிடக் கேவலமான முடிவு வேட்டையில் கிடையாது.

காத்திருக்கும் நேரத்தை உறுப்புதான் தீர்மானிக்கிறது. எனவே முதல் வேலை எங்கே பட்டது என்று கண்டுபிடிப்பது, அந்த வேலை அம்பு விட்ட நொடியிலேயே தொடங்குகிறது.

நாணை விட்டதும் தலையைத் தூக்கி அம்பைத் தேடாதீர்கள், மானைப் பாருங்கள். பின்னங்கால்களை உதைத்துத் துள்ளி, உடம்பைத் தாழ்த்தி, எதையும் பார்க்காமல் தலைதெறிக்க ஓடினால் பெரும்பாலும் இதயம் அல்லது நுரையீரல். முதுகைக் கூனி, வாலை ஒடுக்கி, கொஞ்ச தூரம் ஓடி நின்று, பிறகு நடந்து போனால் வயிறு. கல்லீரலில் பட்டதும் கூனும், ஆனால் வயிற்றில் பட்டதைவிட வேகமாக நகரும். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒன்று அம்பு தவறியது, இல்லை சதையில் மட்டும் பட்டது என்பார்கள். அதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

அடுத்து, கண்ணுக்கு மறைந்த இடம். பரணில் இருக்கும்போதே திசைகாட்டியில் கோணம் எடுங்கள், மான் நின்ற இடம் ஒன்று, கடைசியாகத் தெரிந்த இடம் இன்னொன்று. கைபேசியில் அதே கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கு வந்ததும் காடு முழுக்க மாறிவிடும். "அந்தச் சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில்" என்று நினைத்தது கீழே வந்தால் நான்கு சாய்ந்த மரமாக இருக்கும். மணியையும் பாருங்கள், பதற்றத்தில் 10 நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும். காதையும் தீட்டி வையுங்கள்: சருகில் விழும் சத்தம், கிளை முறியும் சத்தம், பிறகு முழு அமைதி.

அரை மணி நேரம் கழித்துச் சத்தமில்லாமல் இறங்கி அம்பு விழுந்த இடத்துக்கு மட்டும் போங்கள். அதைத் தாண்டி ஓர் அடி வைக்காதீர்கள். வயிற்றில் பட்டது என்று கண்ணால் பார்த்திருந்தால் அம்பைக்கூட எடுக்கப் போகாமல், மான் போன திசைக்கு எதிர்ப்பக்கமாக வெளியேறுவது உத்தமம்.

அம்பைப் பார்க்கும்போது நிறத்தைவிட மூக்கை நம்புங்கள். ரத்தம் இளஞ்சிவப்பாக, பொடிப்பொடிக் குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். குமிழி இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக அம்பு முழுதும் நனைந்திருந்தால் இதயம் அல்லது பெரிய ரத்தக்குழாய், ஆனால் சதைக் காயமும் இதே நிறம்தான். கல்லீரல் ரத்தம் கருஞ்சிவப்பு, காய்ந்த திராட்சையின் நிறத்துக்குப் பக்கத்தில். பச்சையோ பழுப்போ கலந்து, வழுவழுப்பாக, இறகில் அரைத்த புல் துணுக்கு ஒட்டியிருந்தால் இரைப்பை. பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் முகர்ந்து பாருங்கள். தொழுவ நாற்றம் அடித்தால் சந்தேகமே வேண்டாம். இறகுகளை விரலால் நீவி, விரலை முகர்வது இன்னும் நல்லது, ஏனென்றால் உடம்பைத் துளைத்து வெளியேறும்போது தண்டு துடைபட்டுவிடும், இறகில் மிச்சம் இருக்கும்.

மயிரும் பேசும். வெள்ளைவால் மானுக்கு முதுகு மயிர் நீளமாக, முரடாக, நுனி கருத்து இருக்கும். அடிவயிற்று மயிர் வெள்ளை. நெஞ்சடியில் உள்ளது விறைப்பாகவும் கருமை கலந்தும் இருக்கும். அம்பு நுழைந்த பக்கத்தில் மயிர் வெட்டுப்பட்டு விழும், கொத்தாகக் கிடந்தால் உடம்பை உரசிப் போயிருக்கலாம் என்று யோசியுங்கள்.

இனி கடிகாரம். இரண்டு நுரையீரலும் துளைபட்டால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும், பெரும்பாலும் 150 மீட்டருக்குள். அரை மணி நேரம் தாராளம். கல்லீரல் என்றால் 4 மணி நேரம், முடிந்தால் 6. இரைப்பை, குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம். ஒற்றை நுரையீரல்தான் தலைவலி: ரத்தம் நுரையீரல் ரத்தம் மாதிரியே இருக்கும், மான் மட்டும் வெகுதூரம் போகும். நல்ல நுரைத்த ரத்தம் பார்த்து 200 மீட்டர் தொடர்ந்தும் மான் கிடைக்கவில்லை, நடுவில் படுத்து எழுந்த இடம் ஒன்று தெரிகிறது என்றால் அங்கேயே நில்லுங்கள். திரும்பி வந்து 6 மணி நேரம் கொடுங்கள்.

ஒன்றுக்கொன்று முரணான அடையாளம் இருந்தால் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையும் பச்சையும் சேர்ந்து இருந்தால் அம்பு சாய்ந்து போய் இரண்டையும் தொட்டிருக்கிறது.


துரும்புமுனை:

துப்பாக்கிக்காரர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். அம்பு வெட்டி ரத்தத்தை வடியவைத்துக் கொல்கிறது. 270, 308 போன்ற காலிபரில் வரும் தோட்டா அதோடு சுற்றியுள்ள திசுவையும் நொறுக்குகிறது. மார்பில் சரியாகப் பட்டால் முடிவு சீக்கிரம். ஆனால் வயிற்றில் பட்டால் காத்திருக்கும் நேரம் தோட்டாவுக்கும் அம்புக்கும் ஒன்றுதான், அதில் சலுகை இல்லை. மான் விழுந்த இடத்திலேயே கிடந்தாலும் அடுத்த குண்டை ஏற்றி ஒரு நிமிடம் குறியிலேயே வைத்திருங்கள். முதுகெலும்பின் முள் பகுதியை மட்டும் தட்டிச் சென்ற குண்டு மானைத் தொப்பென்று விழவைக்கும், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடவும் விடும்.


கறிக்கத்தி:

தடம்பார்ப்பவன் சொன்ன கணக்கு சரி. ஆனா "வெக்கையைக் கண்டு பயப்படாதே"ன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. கல்லீரல்ல பட்ட மான் பெரும்பாலும் ரெண்டு மூணு மணி நேரத்துல போயிடும். அதை ராத்திரி பூரா விட்டா 14 டிகிரியில தோலோட, குடலோட எட்டு மணி நேரம் கிடக்கும், அந்தக் கறி போச்சு. எனவே வெக்கை நாள்ல கல்லீரல்னு உறுதியா தெரிஞ்சா 4 மணி நேரம் ஆனதும் விளக்கோட போங்க, 6 வரைக்கும் இழுக்காதீங்க. வயிறுன்னா மட்டும் விடியற வரைக்கும் விடுங்க. இரவு 4 டிகிரிக்குக் கீழ போற நாள்ல இந்தக் கவலையே கிடையாது, எதுவா இருந்தாலும் காலைல போகலாம்.

தோலும் மயிரும் சேர்ந்து சூட்டை உள்ளேயே பிடிச்சு வைக்கும். செத்த மானோட உள்சூடு 38, 39 டிகிரியில ஆரம்பிக்குது. வெளிய 14 டிகிரி இருந்தாலும் தொடைக்குள்ள எலும்பை ஒட்டின இடம் ஆறப் பல மணி நேரம் ஆகும். அதனாலதான் கெடுறது எப்பவும் தொடை எலும்பு இடுப்போட சேர்ற பந்துமூட்டுல ஆரம்பிக்கும். காலைல கண்டுபிடிச்ச மானைச் சோதிக்கணும்னா அந்த மூட்டைத் திறந்து முகர்ந்து பாருங்க. புளிச்ச வாடை வந்தா தொடையைத் தூக்கிப் போடுங்க. முன்சப்பை, கழுத்து, முதுகுக்கறி தப்பிச்சிருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தனித்தனியா முகர்ந்து முடிவு பண்ணுங்க. மொத்தமா எறியறதும் தப்பு, மொத்தமா வச்சுக்கறதும் தப்பு.

வயித்துல பட்ட மானைச் சுத்தம் பண்றப்போ, முதுகுத்தண்டுக்கு உள்பக்கம் இருக்கிற ரெண்டு மெல்லிய தசையை (அதுதான் உடம்புலயே மிருதுவானது) பெரும்பாலும் மறந்துட வேண்டியதுதான். இரைப்பைத் தண்ணி அதுலதான் தேங்கி நிக்கும். விலாவுக்கு உள்பக்கத்தைக் குடிக்கத் தகுந்த தண்ணியால கழுவி, உடனே துணியால ஈரம் போகத் துடைங்க. ஈரத்தோட விட்டா கழுவாம விட்டதைவிட மோசம். பச்சைக் கறை பட்ட சதையைக் கழுவறதோட நிறுத்தாம ஒரு விரல்கனம் சீவி எடுத்துடுங்க.


பரண்வாசி:

இருவருக்கும் நன்றி. செத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டது. இரண்டு கேள்வி பாக்கி. இரவில் மழை வரும் என்று தெரிந்தால் என்ன செய்வது, தடம் கழுவிப்போகுமே? ரத்தம் நடுவில் நின்றுபோனால் என்ன வரிசையில் தேடுவது? கிடைத்த பிறகு காட்டிலேயே குடலை எடுக்கும் முறையையும் கறிக்கத்தி விரிவாகச் சொன்னால் நல்லது.


தடம்பார்ப்பவன்:

மழை வந்தாலும் வயிற்றில் பட்ட மானைக் கிளப்பாதீர்கள். வயிற்றுக் காயத்தில் வெளியே விழும் ரத்தமே குறைவு, குடல் பிதுங்கி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இல்லாத தடத்தைக் காப்பாற்ற இருக்கிற மானைத் தொலைக்கலாமா? கிளப்பாமல் விட்டால் அது முதல் சில நூறு மீட்டருக்குள் மறைவான இடம் பார்த்துப் படுத்துவிடும். காலையில் ரத்தம் இல்லாமலே தேடிப் பிடிக்கலாம். உள்ளுறுப்பு அடிகளில் மழைக்காக அவசரப்படத் தகுந்தது நுரையீரல் அடி மட்டும்தான், அதற்கு எப்படியும் அரை மணி நேரம்தான்.

உயரப் பரண் விஷயம். அம்பு மேலே நுழைந்து கீழே வெளியேறினால் ரத்தம் நன்றாக விழும், கீழ் ஓட்டைதான் வடிகால். வெளியேறாமல் உள்ளேயே நின்றுவிட்டால் மார்புக்குள் ரத்தம் நிறைந்து, மேல் ஓட்டை வரை ஏறிய பிறகுதான் வெளியே வழியும். அதுவரை மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தெறிப்பதுதான் கிடைக்கும். ஆகவே முதல் 50 மீட்டருக்கு ரத்தத்தைத் தேடாமல் குளம்புத் தடத்தைத் தேடுங்கள். பாய்ந்து ஓடும் மானின் குளம்பு விரிந்து ஆழமாகப் பதியும், சருகைப் புரட்டி ஈரப்பக்கத்தை மேலே காட்டும். புரண்ட சருகு வரிசையாக ஒரே திசையில் போனால் அதுதான் உங்கள் மான்.

ரத்தம் கிடைத்த பிறகு தடத்தின் மேல் நடக்காதீர்கள், ஓரமாக நடங்கள். ஒவ்வொரு துளிக்கும் ஒரு வெள்ளைத் தாள் துண்டு வையுங்கள். நாலைந்து தாள் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தால் திசை கோடாகத் தெரியும். ஓட்டத்தில் விழுந்த துளி நீண்டு சிதறும், வால் மாதிரி நீளும் பக்கம்தான் மான் போன பக்கம். வட்டமாக, அடுத்தடுத்து விழுந்திருந்தால் நின்றிருக்கிறது அல்லது நடந்திருக்கிறது. தரையை மட்டும் பார்க்காமல் முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை புல்லிலும் செடியிலும் பாருங்கள், உடம்பு உரசிய பூச்சு அங்கேதான் இருக்கும். இரண்டு பக்கச் செடியிலும் பூசியிருந்தால் அம்பு ஊடுருவியிருக்கிறது, நல்ல செய்தி.

கருத்த புள்ளி ரத்தமா இலைக்கறையா என்று தெரியாவிட்டால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளிப்பானில் எடுத்துப்போய் அடியுங்கள், ரத்தமென்றால் பொங்கி நுரைக்கும். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இது வெறும் வசதி அல்ல, அவசியம். கையில் எடுக்கும் விளக்கு பிரகாசமான வெள்ளை ஒளியாக இருக்கட்டும், மேலிருந்து நேராக அடிக்காமல் தாழ்த்திச் சாய்வாக அடித்தால் ஈரமான துளி மின்னும்.

ரத்தம் நின்றுபோனால் கடைசித் துளியில் ஓர் ஆளை நிறுத்திவையுங்கள். அதைத் தொலைத்தால் எல்லாம் தொலைந்தது. அங்கிருந்து முதலில் போன திசையிலேயே 30 மீட்டர், பிறகு இரு பக்கமும் விசிறி போல் பிரிந்து பாருங்கள். மான் தடம் ஒன்று குறுக்கிட்டால் அதில் இரு பக்கமும் பார்த்துவிடுங்கள். அடிபட்ட மான் பழகிய பாதையில்தான் ஓடப் பார்க்கும், கடைசி நேரத்தில்தான் விலகித் திரும்பும். வயிற்றில் பட்டது தண்ணீரைத் தேடும், ஓடைக்கரை, குட்டை ஓரம், சதுப்பு எதையும் விடாதீர்கள். அதிலும் கிடைக்கவில்லையா, வரைபடத்தில் கட்டம் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஆள் 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடங்கள். புதரை எட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள், புகுந்து பாருங்கள். ஒரு முழு மானும் இடுப்பளவு புல்லுக்குள் மூன்று மீட்டர் தூரத்தில் தெரியாமல் கிடக்கும்.

உங்கள் பகுதி விதி அனுமதித்தால் இதையெல்லாம் செய்வதற்கு முன்பே தடம் பார்க்கும் நாயை அழையுங்கள். நீளக் கயிற்றில் கட்டிய பழகிய நாய், மனிதக் கண்ணுக்கு ரத்தமே தெரியாத தடத்தை 20 மணி நேரம் கழித்தும் பிடிக்கும். அது ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை, குளம்புகளுக்கு இடையிலுள்ள சுரப்பியின் வாடையையும் பிடிக்கிறது. அந்த வாடை ஒவ்வொரு அடியிலும் தரையில் பதிகிறது. ஆனால் ஆறு பேர் ரத்தத்தை மிதித்து நூறு பக்கமும் பரப்பிவிட்டு, பிறகு நாயைக் கூப்பிட்டால் அது பாவம் என்ன செய்யும்? ரத்தம் நின்ற இடத்திலேயே நீங்களும் நின்று, தொலைபேசியை எடுங்கள்.

சதைக் காயம் பற்றி ஒரு வரி: நெஞ்சடியிலோ முன்காலிலோ பட்டால் தொடக்கத்தில் ஏராளமாக ரத்தம் கொட்டி, சில நூறு மீட்டரில் சொட்டாகி நின்றுவிடும். விடாமல் துரத்தினால் ரத்தம் உறையாது என்று ஒரு கட்சி, அது பிழைத்துக்கொள்ளும், விடு என்று இன்னொரு கட்சி. மழையோ பக்கத்து நிலத்தின் எல்லையோ நெருக்கினால் ஒழிய நான் இரண்டாவது கட்சி, ஆனால் மறுநாள் முழுக்கத் தேடிய பிறகுதான் "பிழைத்துக்கொண்டது" என்ற சொல்லைப் பயன்படுத்துவேன்.


வில்நாண்:

தேடுவது பற்றி இவ்வளவு பேசியாச்சு, தேட வேண்டிய நிலை வராமல் இருக்கவும் கொஞ்சம் பேசலாமே.

6 மீட்டர் பரணிலிருந்து 20 மீட்டர் தூரத்து மானுக்கு அம்பு 20 டிகிரிக்குள் சாய்ந்து போகும், இரண்டு நுரையீரலும் கிடைக்கும். அதே மான் மரத்தடிக்கு 6 மீட்டரில் வந்து நின்றால் சாய்வு 45 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து பார்க்கக் குறி பெரிதாகத் தெரியும், ஆனால் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் கிழித்து நெஞ்சடியில் இறங்கும். கிட்டத்தில் நிற்கிறது என்பதால் அது எளிதான அடி ஆகிவிடாது. பரணை வழித்தடத்துக்கு நேர் மேலே கட்டுவதுதான் இதற்குக் காரணம், 15 முதல் 20 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். கீழ்நோக்கி விடும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளையுங்கள், இல்லாவிட்டால் இழுவை நீளம் குறைந்து அம்பு உயரப் போகும். இடுப்புப் பட்டையோ முழு உடல் கச்சையோ இல்லாமல் வளைய நினைக்கவே நினைக்காதீர்கள். சரியானது முழு உடல் கச்சை, வெறும் இடுப்புப் பட்டை விழும்போது மூச்சை நெரிக்கும்.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி. அங்கே இதயத்தின் மேற்பகுதியும் நுரையீரலும் சேர்ந்திருக்கும், ஒரு கையகலம் எந்தப் பக்கம் பிசகினாலும் உயிருறுப்பு கிடைக்கும். மேலே மட்டும் அதைத் தாண்டிப் பிசகக் கூடாது. முன்சப்பைக்கு மேல் முதுகுத்தண்டு பலரும் நினைப்பதைவிடத் தாழ்வாக ஓடுகிறது. அதற்கு மேல் இருப்பது வெறும் சதையும் முள்ளெலும்பும். அங்கே பட்ட மான் ரத்தம் காட்டிவிட்டுப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். சற்றே முதுகு காட்டி, விலகிச் சாய்ந்து நிற்கும் மானுக்கு அந்தப் பக்க முன்காலை அம்பு வெளியேறும் இடமாக வைத்துக் குறி பாருங்கள், நுழைவாய் விலாவின் கடைசிப் பக்கம் போனாலும் கவலையில்லை. எதிர்முகமாகச் சாய்ந்து நிற்பது, நேராக முகம் காட்டுவது, நேராகப் பின்புறம் காட்டுவது மூன்றும் வில்லுக்கு ஆகாது.

இடது பக்கம் பின்னால் பிசகினால் முதலில் இரைப்பை, வலது பக்கம் பின்னால் பிசகினால் கல்லீரல் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரைப்பை இடது பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அம்பு எந்தப் பக்கத்தில் நுழைந்தது என்பதை நினைவில் வைத்தால் தடம்பார்ப்பவன் சொன்ன அடையாளங்களைப் படிப்பது சுலபம்.

அடுத்து நாண் சத்தம். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது, அம்பு 85 மீட்டர் போல. 30 மீட்டரில் சத்தம் அம்பைவிடக் கால் நொடி முந்திச் சேர்கிறது. பாயத் தயாராகும் மான் முதலில் கால்களை மடக்கித் தாழும். அனிச்சையாக விழித்துக்கொள்ளும் நேரம் போக மீதியுள்ளதிலேயே உடம்பு 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும், நுரையீரலில் விழ வேண்டிய அம்பு முதுகுக்கு மேல் போகும். தலையைத் தூக்கி, காதைத் திருப்பி உங்கள் பக்கம் விறைத்து நிற்கும் மானுக்கு 20 மீட்டருக்கு மேல் விடாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் குறியை இதயத்துக்குத் தாழ்த்துங்கள். நடந்து போகும் மானை நிறுத்த வாயால் மெல்ல ஒலி எழுப்புவார்கள். அதனால் மான் நிற்கும், கூடவே உஷாராகும், இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

முனையின் கூர்மைக்கு ஒரே சோதனை: கையில் மயிர் மழிக்க வேண்டும். புதுப்பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லாம் மழிக்காது. பயிற்சிக்கு அடித்த பிளேடை அப்படியே வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். மழுங்கிய முனை ரத்தக்குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். விரியும் வகை மெக்கானிக்கல் முனை ஓட்டையைப் பெரிதாக்கும், ஆனால் விரிவதற்கே கொஞ்சம் வேகத்தைத் தின்னும். 45, 50 பவுண்டு வில்லுக்கு ஃபிக்ஸட் பிளேடே மேல், வெளியேறும் ஓட்டை அதில்தான் உறுதி. பரண்வாசியின் 60 பவுண்டுக்கு எதுவும் ஓடும்.


கறிக்கத்தி:

குடல் எடுக்கற முறை கேட்டீங்க. முதல்ல மான் செத்ததான்னு பாருங்க. முதுகுப்பக்கமா நெருங்கி, நீளக் குச்சியால கண்ணைத் தொடுங்க. செத்த மானுக்குக் கண் திறந்தே இருக்கும், மூடியிருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கத்தியைத் தொடறதுக்கு முன்னாடி விதிப்படி டேகை (மான்ல கட்ட வேண்டிய அனுமதி அட்டை) பூர்த்தி பண்ணி மாட்டுங்க. கையுறை போட்டுக்குங்க.

பத்து சென்டிமீட்டர் கத்தி போதும், பெரிசா இருந்தா குத்தத்தான் உதவும். மானை மல்லாத்தி, தலைப்பக்கம் கொஞ்சம் மேடா இருக்கற மாதிரி போடுங்க. முதல்ல ஆசனவாயைச் சுத்தி வட்டமா அறுத்து, குழாயை விடுவிச்சு, நூலால கட்டிடுங்க. இதைக் கடைசில செய்யறவங்கதான் தொடைக்கறியைக் கெடுத்துக்கறாங்க. அப்புறம் நெஞ்செலும்பு முடியற இடத்துல தோலைச் சின்னதாக் கீறி, ரெண்டு விரலை உள்ள விட்டு வயித்துத் தோலைத் தூக்கிப் பிடிச்சு, கத்தியோட கூர் மேல பார்த்த மாதிரி விரல் நடுவுல வச்சுக் கீழ கொண்டு போங்க. கூர் கீழ பார்த்தா இரைப்பை கிழியும். வெக்கையில ரெண்டு மணி நேரம் ஆன மான் ஊதிப் போயிருக்கும், தொட்டாலே வெடிக்கும், அப்போ இன்னும் மெதுவா.

உள்ள மார்பையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானச் சவ்வை விலா ஓரமா ரெண்டு பக்கமும் அறுத்துவிட்டு, கையைக் கழுத்துவரைக்கும் விட்டு மூச்சுக்குழாயைப் பிடிச்சு அதுக்கு மேல அறுங்க. இங்கதான் கத்தி கண்ணுக்குத் தெரியாம இருக்கும், கையை அறுத்துக்கறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். மூச்சுக்குழாயைப் பிடிச்சு இழுத்தா எல்லாம் ஒண்ணா உருண்டு வரும். சிறுநீர்ப்பையைக் கழுத்துல நெருக்கிப் பிடிச்சுக்கிட்டே எடுங்க. பித்தப்பையைத் தேடாதீங்க, மானுக்கு அது கிடையாது. அப்புறம் மானைக் குப்புறப் போட்டு ரத்தம் வடிய விடுங்க. பின்னங்கால் உள்பக்கம் கணுக்கால் மூட்டுல (காலோட நடுவுல மடங்கற இடம்) கருத்து நாறுற சுரப்பி இருக்கு பாருங்க, அதைத் தொடவே தொடாதீங்க. அறுத்து எடுக்கப் போய் அதே கையால கறியைத் தொட்டாத்தான் வாடை பரவும்.

வெக்கை நாள்ல வண்டி வரைக்கும் கொண்டு வந்ததும் தோலை உரிங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. உரிக்க முடியலேன்னா தண்ணி நிரப்பி உறையவச்ச புட்டியை வயித்துக்குள்ளயும் தொடைக்கு நடுவுலயும் அடைங்க. வெறும் பனிக்கட்டியைப் போட்டா உருகின தண்ணியில கறி ஊறும். எலும்பை ஒட்டின சூடு 4 டிகிரிக்கு இறங்கணும், குறி அதுதான். இறங்கினதும் 1 முதல் 4 டிகிரியில தொங்கவிடலாம். முதல் 24 மணி நேரத்துக்குள்ள எலும்பைவிட்டு அறுத்தா சதை சுருங்கி ரப்பரா போயிடும், அரைக்கப் போற கறிக்கு மட்டும் அது பரவாயில்லை. உயிர் எடை 60 கிலோ மான்னா குடல் போக 46, 47 கிலோ நிக்கும், எலும்பில்லாக் கறி 20 முதல் 24 கிலோ கிடைக்கும். வயித்துல பட்டதுன்னா இதுல பல கிலோ கழியும்.

கடைசியா சி.டபிள்யூ.டி, மானை உருக்கிக் கொல்ற நோய். பிரியான் (உருமாறின புரதம்) வகை, மூளையையும் தண்டுவடத்தையும் தின்னும். வட அமெரிக்காவுல பரவலா இருக்கு, ஐரோப்பாவுல முதல்ல 2016ல நார்வேயில கண்டுபிடிச்சாங்க. மனுசனுக்குத் தொத்தினதா நிரூபணமான கேஸ் இல்ல. இருந்தாலும் நோய் இருக்கற மானைச் சாப்பிடாதீங்கன்னுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லுது, வேகவச்சா பிரியான் சாகவும் சாகாது. முதுகெலும்பை ரம்பத்தால நீளவாக்குல அறுக்காதீங்க, தலையைத் தனியா எடுங்க, நிணநீர்க் கணுக்களைச் சீவி எறிங்க. நோய் இருக்கற பகுதின்னா தொண்டைக்குப் பின்னால உள்ள கணுவைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வர்ற வரைக்கும் அந்தக் கறியைத் தனியாப் பேர் எழுதி உறையவச்சு வையுங்க. ரெண்டு மான் கறியைக் கலந்து அரைச்சா ஒண்ணுக்கு நோய்னு முடிவு வந்தாலும் மொத்தமும் குப்பைதான்.


பரண்வாசி:

போதுமான அளவுக்கு மேலேயே கிடைத்துவிட்டது, நன்றி. ஒரே ஒரு சின்னக் கேள்வி: கல்லீரல் அடிக்கு இரவு 10 மணிக்குத் தேடப் போகும்போது வில்லைக் கையில் வைத்திருக்கலாமா?


தடம்பார்ப்பவன்:

அது காட்டுக்குக் காடு மாறும். பல இடங்களில் வேட்டை நேரம் முடிந்தபின் விளக்கும் ஆயுதமும் ஒன்றாகக் கையில் இருந்தாலே குற்றம், தேடுவதற்குத்தான் போகிறேன் என்று சொன்னாலும். சில இடங்களில் அடிபட்ட மானை முடிக்க மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் முன்கூட்டியே வனக்காவலரிடம் சொல்லிவிட வேண்டும். சீசனுக்கு முன்பே அவர் எண்ணைக் கைபேசியில் ஏற்றி வையுங்கள், பக்கத்து நிலக்காரர் எண்ணையும் சேர்த்து. கல்லீரல் பட்ட மான் வேலியைப் பார்த்து நிற்காது, அனுமதி இல்லாமல் நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும்.